கப்பலில் ஒருவர் இருக்க வேண்டும்

கப்பலிலிருந்து
12 அக்டோபர் 2024

அன்புள்ள செல்வி,

நலம். உன் நலத்தைப் பற்றி எழுது. டீசல் தீர்ந்துவிட்டதால் ஜெனரேட்டர் ஓடவில்லை, போனும் செத்துக் கிடக்கிறது. மாலுமிகள் நலச் சங்கத்துப் படகு அரிசியும் தண்ணீரும் கொண்டுவரும்போது கடிதத்தையும் வாங்கிப் போகிறது. கல்யாணத்துக்கு முன்னால்கூட உனக்கு ஒரு கடிதம் போடாதவன் இப்போது போடுகிறேன். சிரித்துக்கொள்.

முதலாளி கப்பலைக் கைவிட்டு ஓடிவிட்டான். வழக்கு முடியும்வரை பொறுப்பாகக் கப்பலில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று இந்த நாட்டுக் கோர்ட்டு சொல்லிவிட்டது. அந்த ஒருவராக என்னை அவர்களே எடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் போன மாதமே ஊர் திரும்பிவிட்டார்கள். என்னோடு எஞ்சின் ரூமில் வேலை பார்த்த பெரியதாழை பெர்சியும் வந்திருப்பான்.

புதிதாகக் கல்யாணமானபோது ஒரு கருப்பு வெள்ளை விண்வெளிப் படம் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ பாதியில் தூங்கிவிட்டாய். விண்கலம் பழுதாகி எங்கோ ஒரு கிரகத்தில் நிற்கும். மற்றவர்கள் சிறு கலத்தில் தப்பிப் போகவேண்டுமானால் ஒருவன் உள்ளேயே இருந்து கதவை இயக்க வேண்டும். எஞ்சினியர் இருந்துவிடுவான். தனியாள்தான், ஆனாலும் காலையில் முகம் மழித்துச் சட்டை மாற்றுவான். அன்றைய வேலை முடியாமல் பூமி தெரியும் ஜன்னல் பக்கம் போகமாட்டான். நானும் அப்படித்தான் இருக்கிறேன். கரை தெரியும் பக்கத்துக்குச் சாயங்காலம்தான் போவேன். புத்தி கலங்காமல் இருக்கிறேன் என்றால் அந்தப் படம்தான் காரணம்.

உன்
சுடலைக்கண்ணன்


தூத்துக்குடி
3 நவம்பர் 2024

அன்புள்ள அத்தான்,

கடிதம் வந்தது. நீங்கள் முகம் மழிப்பது சந்தோஷம். இங்கே இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை சொன்னால் கேட்டீர்களா?

பெர்சி வீட்டுக்கு வந்திருந்தான். அவனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ஸ்வீட் பெட்டியை நீட்டும்போதே அழுதுவிட்டான். “கோர்ட்டுல எங்க ரெண்டு பேருல ஒருத்தர் இருக்கணும்னு சொன்னாவ மதினி. அண்ணன்தான் முந்திக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாவ” என்றான். என்னிடம் மட்டும் கோர்ட்டு எடுத்ததாக எழுதுகிறீர்கள்.

அந்தப் படத்தைத் தேடி முழுசாகப் பார்த்தேன். இந்தத் தடவை தூங்கவில்லை. நீங்கள் எஞ்சினியரைப் பார்த்தீர்கள். நான் பூமியில் இருக்கும் அவன் மனைவியைப் பார்த்தேன். ஆபீஸ்காரர் வந்து விஷயத்தைச் சொல்கிறார். “அவர் அப்படித்தான் செய்வார்” என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதோடு சரி, அப்புறம் அவளைக் காட்டவே இல்லை. அவளுக்கு அன்றைக்கு என்ன கஷ்டமோ, யார் கேட்டார்கள்?

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். மார்பில் ஒரு கட்டி. சோதனையில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. மருந்து ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். பொங்கல் கழிந்து ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு என் அண்ணன் கூட வருகிறான். ஆனால் எனக்கு நீங்கள் வேண்டும்.

செல்வி


கப்பலிலிருந்து
20 நவம்பர் 2024

என் செல்வி,

படித்துவிட்டு எஞ்சின் ரூமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு ஒரு வேலையும் செய்யவில்லை, முகமும் மழிக்கவில்லை.

ஆமாம், நான்தான் கையெழுத்துப் போட்டேன். பெர்சியின் மனைவி இசபெல்லாவுக்கு அப்போது ஏழாம் மாதம். உனக்கு இப்படி வரும் என்று நான் கண்டேனா?

நலச் சங்கத்துக்காரர்கள் மூலம் கோர்ட்டில் கேட்டேன். இந்தக் கப்பலில் வேலை பார்த்த இன்னொருவர் வந்து பொறுப்பேற்றால் விடுவார்களாம். கேப்டனும் மற்றவர்களும் வேறு கப்பல் ஏறிவிட்டார்கள். மீதி பெர்சி ஒருவன்தான். அவனிடம் இதைச் சொல்லிவிடாதே. சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். கைக்குழந்தைக்காரனை இந்த இருட்டுக்குள் கூப்பிட என்னால் முடியாது. அந்தப் படத்து மனைவி மாதிரி நீயும் கொஞ்சம் மனதைக் கல்லாக்கிக்கொள். வேறு வழி தெரியாமல்தான் இதைக் கேட்கிறேன்.

சுடலைக்கண்ணன்


தூத்துக்குடி
14 டிசம்பர் 2024

அத்தான்,

இதை உங்கள் கையில் கொடுத்தவனைத் திட்டாதீர்கள். படித்து முடித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றாம் நாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரியதாழைக்குப் பஸ் ஏறினேன். முடியெல்லாம் கொட்டிவிட்டது. இசபெல்லா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

பெர்சி உடனே “நான் போறேன் மதினி” என்று எழுந்துவிட்டான். “நீ உக்காரு. உன் பொஞ்சாதி சொல்லட்டும்” என்றேன். அந்தப் படத்தில் யாரும் கேட்காத ஆளிடம்தான் நான் கேட்கப் போனேன்.

எங்கள் ஊர் வாய்க்காலில் கோடையில் வயல்களுக்கு முறைத்தண்ணீர் விடும்போது மடைக்கு ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும். ஆனால் ஒரே ஆள் கடைசிவரை இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. மாற்று ஆள் வருவான். வீட்டில் நோய் நொடி என்றால், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட வந்து, “நீ போலே, நான் பாத்துக்கிடுதேன்” என்று மண்வெட்டியை வாங்கிக்கொள்வான். படம் எடுத்த பெரிய மனிதர்களுக்கு இது தோன்றவில்லை. தங்கியவனைத் தங்க விட்டுவிட்டு எல்லோரும் அழுகிறார்கள். மாற்றுக்கு ஒருத்தன் வரவில்லை. இதை நான் இசபெல்லாவிடம் சொன்னேன்.

அவள் பால் கொடுத்து முடித்தாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம், “ஈஸ்டர் வரைக்கும் விடுதேன். ஈஸ்டருக்கு இவிய வீட்டுல இருக்கணும். அண்ணனைக் கப்பலுக்குத் திருப்பி அனுப்புவியளா அக்கா?” என்றாள்.

அனுப்புவேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். வழக்கு அதற்குள் முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஈஸ்டருக்கு முன்னால் நானே உங்களுக்குப் பெட்டி கட்டுவேன். என் உடம்பு அப்போது எப்படி இருந்தாலும் சரி. அழுதுகொண்டே கட்டினாலும் கட்டுவேன்.

நல்ல மனதோடு செய்ததை இவள் கெடுத்துவிட்டாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். கோபத்தை வீட்டுக்கு வந்து காட்டுங்கள்.

கையெழுத்தைப் பெர்சி போடட்டும், நீங்கள் புறப்படுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான்.

செல்வி