கடிகாரத்தில் எங்கள் வீட்டு நம்பர்

ஆகஸ்ட் 1994, வெள்ளி

நேற்று பாயா ரும்புட் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பழைய கம்ப்யூட்டர் கைக்கடிகாரம் வாங்கினேன். போன் நம்பரெல்லாம் சேமித்து வைக்கும் ரகம்.

"ஒரு அண்ணன் செத்துட்டாரு. அவர் சம்சாரம் வித்துட்டாங்க லா," என்றான் கடைக்காரன்.

இன்று மாலை பட்டனை அழுத்திப் பார்த்தேன். 'ஹோம்' என்ற இடத்தில் எங்கள் வீட்டு நம்பர். எங்களுக்குப் போன மாதம்தான் லைன் வந்தது. செத்தவர் வீட்டார் விட்ட பழைய நம்பரை எங்களுக்குக் கொடுத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மனைவி கமலாவிடம் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"தினம் ஏழு மணிக்கு ஒருத்தர் போன் பண்றாருங்க. 'சாப்டியா'ன்னு மட்டும் கேப்பாரு. ராங் நம்பர்னு விட்டுட்டேன்."

மணி ஏழு. கடிகாரம் பீப் அடித்தது. திரையில் 'கால் ஹோம்', வீட்டுக்குப் போன் பண்ணு, என்று ஆங்கிலத்தில் ஓடியது. போனும் அடித்தது.

கமலா எடுத்தாள். என்னிடம் பேசும் அதே குரலில், "சாப்டேங்க," என்றாள்.