ருக்குவின் இரண்டாம் ஆபரேஷன்

என் ருக்குக் கண்ணே,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன் பெண் வித்யா கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். கரமனையிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறாள். சிரித்தால் உன் சத்தம்தான்.

முதல் ஆபரேஷனில், எடை குறைவதற்காக, உள்ளே கிளிப் போட்டு உன் வயிற்றைச் சிறிதாக்கினார்கள். ஒரே வருஷத்தில் பாதியாக இளைத்தாய். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. அப்புறம் எடை மெல்ல ஏறியது. மூட்டுவலியும் சர்க்கரையும் கூடவே வந்தன.

"நான் ஒளிச்சுத் திங்கலை அக்கா, சத்தியமாக்கும்" என்றாய்.

"பின்ன காத்தைக் குடிச்சா இப்படி ஊதறே?" உன் கணவர் எதிரிலேயே கேட்டேன். அன்றிலிருந்து நீ எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை.

பிறகு டாக்டர் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். கிளிப்புகள் பிரிந்து, வயிறு பழையபடி ஆகியிருந்தது. உன் தப்பு இல்லை, சிலருக்கு இப்படி ஆகும் என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் ஃபைலைப் புரட்டினேன். ஒரு வார்த்தை சொல்ல ஏன் நாக்கு எழவில்லை, ருக்கு?

மறுபடி செய்தால் ஆபத்து அதிகம், மருந்திலேயே சமாளிக்கவும் பார்க்கலாம் என்றும் அவர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கேட்டாய்: "பயமா இருக்கு அக்கா. இப்படியே இருந்துடட்டுமா?"

"இத்தனை பட்டதெல்லாம் வீணாப் போகணுமா? பண்ணிண்டுடு."

உன் மூட்டுவலியை நினைத்துச் சொன்னேனா? பாதிக்குமேல் தெருவை நினைத்துத்தான்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் உள்தையல் கசிந்து ஜுரம் ஏறியது. மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். "வித்யா சாப்ட்டாளா?" என்று கேட்டதுதான் கடைசி. பத்தாம் நாள் நீ இல்லை.

போன வாரம் வித்யா கேட்டாள்: "பெரியம்மா, அம்மா ஏன் ரெண்டாம் தரம் ஆபரேஷனுக்குப் போனா?"

"அவளுக்கே ஆசை" என்றேன். எல்லோரிடமும் சொல்லிவந்த பொய்.

"அப்போ என்னை நினைக்கவே இல்லையா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. எதிரே உட்காரவைத்து, நீ பயந்ததையும் நான் தள்ளியதையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொண்டு எழுந்து போனால் தடுக்கமாட்டேன். அம்மா தன்னை மறந்து போகவில்லை என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
கோமு அக்கா