திரும்பிப் போன கணக்காளர்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இங்கே கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் நான் பராமரித்துவந்த யூத மூதாட்டி எடித் இன்று காலை இறந்துவிட்டார்.

அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது புடாபெஸ்டில் ஜேர்மன்காரர் யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். எடித்தின் தகப்பனின் ஆலையில் ஒரு கிறிஸ்தவர் கணக்காளராக இருந்தார். ஜேர்மன்காரரும் அவரை நம்பியதால் அவருடைய காரைச் சோதிப்பதில்லை. யூதப் பிள்ளைகளை அதில் ஒளித்துக் கொண்டுபோய்க் கன்னியர் மடத்தில் சேர்த்தார். எடித்தை இறக்கிவிட்டு, "தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்று திரும்பிப் போனவரைச் சுட்டுவிட்டார்கள். தங்கச்சியும் வரவில்லை.

கடைசி நேரத்தில் எடித் என் கையைப் பிடித்து, "அவர் வந்துவிட்டாரா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"ஓம் அம்மா, வந்திட்டார். தங்கச்சியும் வந்திட்டா." என் வாயில் தமிழ்தான் வந்தது. ஆனாலும் அவர் முகம் தெளிந்தது.

வன்னிச் சண்டையில் மகளைத் தவறவிட்ட அன்று, காயப்பட்ட மகனோடு என்னைக் கப்பலில் ஏற்றிவிட்டு, "நீர் போம், நான் நிரோஜாவைத் தேடிக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றீர்கள்.

"அப்பாவுக்குத் திவசம் செய்வம் அம்மா" என்று மகன் இப்போது கேட்கிறான். நான் சம்மதிக்கவில்லை.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உங்களுக்கு ஒரு கோட் வாங்கிவிட்டேன். மகளுக்கு இப்போது என்ன அளவு என்றுதான் தெரியவில்லை.

உங்கள்
மனைவி