ஒரு மாத்திரைகூட நான் தவறவிடவில்லை என்பது பற்றி

அனுப்புநர்
சி. சரண்யாதேவி (வயது 29),
க/பெ சிவபாண்டி,
பூ வியாபாரம்,
அவனியாபுரம், மதுரை.

பெறுநர்
மாநகர நல அலுவலர் அவர்கள்,
மதுரை மாநகராட்சி.

பொருள்: காசநோய் மாத்திரையும் கருத்தடை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்ட காலத்தில் கரு தரித்தது – மருத்துவமனைச் சீட்டில் என்மேல் எழுதிய வரியை நீக்கித் தரக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் விடியுமுன் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மல்லியும் பிச்சியும் வாங்கிவந்து, வீட்டில் கட்டி விற்கிறேன். கணவருக்கு வெல்டிங் பட்டறையில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டும் ஆபரேஷன் பிரசவம். இரண்டாவதோடு குடும்பக்கட்டுப்பாடு செய்வதாக இருந்தது. ரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். சின்னவளுக்கு ஒரு வயது முடிந்ததிலிருந்து கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வந்தேன்.

2. கடந்த ஜனவரியில் எனக்குக் காசநோய் என்று தெரிந்தது. 27.01.2025 முதல் அதற்கும் மாத்திரை. இரண்டும் ஒரே சுகாதார நிலையத்தில்தான் வாங்கினேன். கருத்தடை மாத்திரை முன்னறையில் நர்சம்மாவிடம், காசநோய் மாத்திரை பின்னறையில். நடுவில் ஒரு பச்சைத் திரை. இந்த அறைக்கு ஒரு கார்டு, அந்த அறைக்கு ஒரு கார்டு. இரண்டையும் ஒரே மஞ்சப்பையில் வைத்துக்கொண்டுதான் நான் இரண்டு அறைக்கும் போய் வந்தேன்.

3. பின்னறையில் என்னை நன்றாகவே விசாரித்தார்கள். சுகர், பிரஷர், வலிப்பு உண்டா என்று கேட்டார்கள். "வேற எந்த நோய்க்காச்சும் மாத்திரை சாப்பிடுறியாம்மா?" என்றும் கேட்டார்கள். இல்லை என்றேன். அது பொய்யில்லை அய்யா. பிள்ளை தள்ளிப்போடுவதை நான் நோயாக நினைக்கவில்லை. முட்டை சாப்பிடு என்றார்கள், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே என்றார்கள். எல்லாம் சொன்னவர்கள் இதைச் சொல்லவில்லை.

4. காசநோய் மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். மறந்துவிடக் கூடாது என்று, மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்குவேன். காலி அட்டையைக் காட்டினால்தான் நர்சம்மா அடுத்த அட்டை தருவார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "சரண்யாவப் பாருங்கடி, ஒரு நாள் தவற மாட்டா" என்று மற்றப் பெண்களிடம் என்னைக் காட்டியும் சொல்லியிருக்கிறார். அந்த அட்டைகளை நூல்கண்டு டப்பாவில் போட்டுவைத்தேன். அதுதான் இன்றைக்கு எனக்கு இருக்கிற ஒரே சாட்சி.

5. குமட்டலையும் நாள் தள்ளியதையும் காசநோய் மாத்திரையின் சூடு என்றே நினைத்துக்கொண்டேன். ஏப்ரல் 18ஆம் தேதிதான் கரு என்று தெரிந்தது. என்ன செய்வது என்று நானும் கணவரும் பேசி முடிக்கவில்லை. மே 12 அன்று பூக்கட்டிக்கொண்டிருந்தபோது உதிரம் போயிற்று. அரசு மருத்துவமனை ஒன்றில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். கரு ஏன் தங்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவும் இல்லை. ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. மாமியார் கேட்டார்.

6. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில், "கருத்தடை மாத்திரையை முறையாக உட்கொள்ளாததால் கருவுற்றவர்" என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமியார் மலையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மூத்த மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எட்டு வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்தது. "ஆம்பளப் புள்ள ஆசையில மாத்திரைய நிப்பாட்டிப்புட்டு, எம்புட்டு நடிப்பு நடிச்சிருக்கா" என்றார். கணவர் என்னைத் திட்டவில்லை. அன்றிலிருந்து பேசவும் இல்லை. சீட்டை சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்.

7. பிறகு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பவதாரிணி என்ற பெண்தான் இரண்டு மாத்திரையையும் பார்த்துவிட்டுச் சொன்னது. "அக்கா, இந்தச் சிவப்பு மாத்திரை, அந்த மாத்திரைய வேலை செய்யவிடாதே. யாருமே சொல்லலையா?" ஒன்றாக விழுங்கியது என் தப்போ என்று கேட்டேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று போட்டிருந்தாலும் இதே கதிதான், காசநோய் மாத்திரை முடியும்வரை வேறு தடுப்புமுறை வேண்டும் என்றது. காப்பர்-டியோ ஊசியோ, எது பொருந்தும் என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னது. அந்தப் பெண் சொன்னது இரண்டு நிமிடம்கூட இருக்காது.

8. மனு எழுதித் தருபவர் "தீராத மன உளைச்சலுக்கு ஆளாகி" என்று சேர்க்கச் சொன்னார். அதனால்தான் நானே எழுதுகிறேன். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. கை பாட்டுக்குப் பூக்கட்டுகிறது. எத்தனை முழம் கட்டினேன் என்றுதான் தெரிவதில்லை.

9. காசநோய் மாத்திரை இன்னும் முப்பத்துநான்கு நாள் இருக்கிறது. அதை நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன். போன வாரம் மாத்திரை வாங்கப் போனபோது பெஞ்சில் என் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தது. அதன் கையிலும் இரண்டு கார்டு. அதனிடம் நான் சொல்லிவிட்டேன். நான் வியாபாரத்துக்குப் போகிறவள் அய்யா, தினமும் அந்தப் பெஞ்சில் உட்கார என்னால் முடியாது.

ஆகவே, பின்னறையில் கேட்கும் கேள்விகளோடு, "பிள்ளை தள்ளிப்போட மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்ற கேள்வியையும் சேர்க்க உத்தரவிட வேண்டுகிறேன். என் சீட்டில் உள்ள அந்த வரியை அடித்துவிட்டு, மாத்திரையை முறையாகவே உட்கொண்டவர் என்று எழுதி, முத்திரை வைத்துத் தரவும் வேண்டுகிறேன். நஷ்டஈடு கேட்கவில்லை. யாரையும் வேலையைவிட்டு எடுக்கச் சொல்லவில்லை. என் மகளுக்கு வாசிக்கத் தெரிகிற மாதிரி தெளிவான எழுத்தில் இருந்தால் போதும். அதே பிள்ளையை விட்டு, அதே வீட்டில் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும்.

இடம்: மதுரை
நாள்: 09.06.2025

இப்படிக்கு, தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சி. சரண்யாதேவி

இணைப்பு:
சீட்டு நகல் – 1 (அசலைக் கணவர் தரவில்லை, அவர் பட்டறைக்குப் போன பிறகு எடுத்து ஜெராக்ஸ் போட்டது.)
இரண்டு கார்டுகளின் நகல்.
காலி மாத்திரை அட்டை – 3. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். எல்லாக் குழியும் காலி.