மாப்பிள்ளை அடுக்கிய பெட்டி

அன்பான மூத்த மகளுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதும் கடிதம். நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் பேத்தியும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகச் சுகமாக இருக்க வேண்டும். பேத்திக்கு இருமல் விட்டதா என்று எழுது. அம்மாவுக்கு முழங்கால் தேவலைதான், தேவலை என்று ஒத்துக்கொண்டால் மாடி ஏறி இறங்கச் சொல்லிவிடுவோம் என்று பயந்து வலிக்கிறது என்கிறாள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். காது மந்தமான பிறகு நான் போனில் ரகசியம் பேசினால் மாடிப்படி முழுக்கக் கேட்கிறது. இது உன் தங்கச்சி காதில் விழக்கூடாத விஷயம். அதனால் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் வந்து உட்கார்ந்து சொல்கிறேன், அவர் எழுதுகிறார். அவர் வாயில் எப்போதும் குண்டூசி இருப்பதால் எதுவும் வெளியே போகாது. எழுத்து கோணலாக இருந்தால் அவரைத் திட்டு, விஷயம் கோணலாக இருந்தால் என்னைத் திட்டு.

உன் தங்கச்சி உன்னிடம் வந்து இருக்கப்போகிறாள் என்பது உனக்குத் தெரியும். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் உன்னிடம் சொல்லியிருப்பாள். எங்களிடம் அப்படிச் சொல்லவில்லை. அங்கேயே ஒரு வேலை பார்த்துக்கொள்வதாகவும், இனி இந்த மனுஷனோடு இருக்க முடியாது என்றும் அம்மாவிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். "செவுத்துகிட்ட பேசினாகூட எதிரொலி வரும்மா, இவர்கிட்ட அதுவும் வராது" என்றாள். மாப்பிள்ளைக்கு வேலை போனதும் உனக்குத் தெரியும். தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷினை வீடு வீடாகப் போய் விற்கும் வேலை. ஏன் போனது என்பதைத்தான் அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்கு மானம் போகிற கதை அது. இவர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவாராம், உள்ளே போய்ச் சமையலறையை ஒரு பார்வை பார்ப்பாராம், "இந்த மிஷினை இங்க வெச்சா உங்க ஜன்னல் கதவு தொறக்காதுங்க, வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவாராம். விற்கப் போன ஆளே வேண்டாம் என்றால் முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? அம்மா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். நான் சிரித்தேன் என்று என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

எனக்கு ஆட்களைப் பார்க்கிற பைத்தியம் உண்டு என்பது நீ அறிந்ததே. ஆபீஸில் லிஃப்ட்காரனாக இருந்த காலம் முழுக்க எனக்கு வேறு என்ன வேலை? ஏறுகிறவர்களைப் பார்ப்பேன், இறங்குகிறவர்களைப் பார்ப்பேன், எழுத்துத் தெரியாதவனுக்கு மனுஷ முகம்தான் பேப்பர். அந்த டைப் அடிக்கிற ஒல்லிப் பெண்ணைப் பற்றிச் சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன், இருக்கிற இடம் தெரியாமல் இருப்பாள், ஆனால் பெரிய அதிகாரியின் இருமலை அப்படியே இருமுவாள். கூட்டமான லிஃப்ட்டில் பின்னாலிருந்து ஒரு இருமல் விட்டாளென்றால் அத்தனை பேரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்துவிடுவார்கள். யார் இருமியது என்று எனக்கு மட்டும் தெரியும். ஸ்டோர்காரர் ஒருவர், அவரைக் கண்டால் பெரியவர்களே ஒதுங்குவார்கள், அழுகிற கைக்குழந்தை எதுவானாலும் அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும். எதனால் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. யாரிடம் என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடுவதில் ஒரு ருசி இருக்கிறதம்மா, அது என்னை இன்னும் விடவில்லை.

வேலை போய் மாப்பிள்ளை பகல் முழுக்க எங்களோடு வீட்டில் இருக்க ஆரம்பித்ததும் நான் அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் பிடிபட்டது பிரிட்ஜில். ஒரு எலுமிச்சம்பழம் வைக்க இடமில்லை என்று உன் தங்கச்சி கத்திக்கொண்டிருந்தாள். இவர் வந்தார், கதவைத் திறந்தபடி நின்றார், இடது கண்ணை லேசாகச் சுருக்கிக் கோழி பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு இதை அங்கே, அதை இங்கே, அவ்வளவுதான், பெரிய பானையே உள்ளே போய்விட்டது. எனக்கு நமைச்சல் எடுத்துவிட்டது. தற்செயலா, கை ராசியா? மறுநாள் கதவுக்குப் பின்னால் இருக்கிற செருப்பு அலமாரியை வேண்டுமென்றே கலைத்துப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல உட்கார்ந்தேன். அவர் வெளியே கிளம்பும்போது நின்றார், கண்ணைச் சுருக்கினார், திரும்பிப் பார்த்தால் அலமாரியில் ஒரு தட்டே காலி. இன்னொரு நாள் கடையில் இருந்ததிலேயே பெரிய தர்பூசணியாகத் தேடி வாங்கி வந்தேன். "வீட்டுல இருக்கறது நாலு பேர், இது யாருக்கு, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை அதைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், உள்ளே வைத்தார், பிரிட்ஜ் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன், மற்றவர்கள்போல அவர் வைத்துப் பார்த்து, எடுத்து மாற்றி வைப்பதே கிடையாது. ஒருமுறைதான். எல்லாவற்றையும் முதலில் கண்ணுக்குள் அடுக்கிவிடுகிறார், கை பின்னால் வருகிறது. எப்படி என்று கேட்டேன். "தெரியல மாமா, எடம் தானா தெரியுது" என்றார். இவ்வளவு பேசியதே எனக்கு ஆச்சரியம்.

என்னால் அடக்க முடியாமல் இதை உன் தங்கச்சியிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்ப்பா, பிரிட்ஜுல பானை வைக்கறதெல்லாம் ஒரு திறமையா? இதைச் சொல்லி நாலு பேர் முன்னாடி தலைநிமிர்ந்து நடக்கவா?" என்றாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, பேச்சுத் துணை இல்லாத வீட்டில் பானைக்கு இடம் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன?

அப்புறம்தான் பெட்டி விஷயம். விமானத்தில் எடுத்துப்போக அவள் ஒரு பெட்டி வாங்கி வந்தாள், கடையில் பெரியதாகத் தெரிந்தது வீட்டுக்கு வந்ததும் சின்னதாகிவிட்டது. திணித்தாள், மூடவில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள், மூடவில்லை. அம்மா முழங்கால் வலியை மறந்து கூடவே ஏறி உட்கார்ந்தாள், ஜிப் பல்லை இளித்தது. "ரெண்டு பேரு உக்காந்தும் அசையலியே, இது பெட்டியா பாறாங்கல்லா" என்று அம்மா திட்டிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை வாசற்படியில் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. உள்ளே வந்து பெட்டியில் இருந்ததை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினார். அப்போது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குளிருக்குப் போடுவது, வெயிலுக்குப் போடுவது, படிப்புச் சான்றிதழ் அத்தனையும், மழைக்குப் போடும் ஷூகூட இருந்தது. கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறவள் நாலு பருவத்துக்கும் துணி எடுப்பாளா? பரப்பியதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, அது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறு ஆளாக இருந்தால் கத்தியிருப்பான், இல்லை, இடம் போதாது என்று பாதியை வெளியே வைத்திருப்பான், அப்படிச் செய்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் இடது கண்ணைச் சுருக்கினார். பிறகு காலுறையைச் சுருட்டி ஷூவுக்குள், ஷூவை ஓரத்தில், புடவைகளைச் சுருளாக, சான்றிதழ் மடங்காமல் இரண்டு கம்பளிக்கு நடுவில். ஒன்றுகூட வெளியே நிற்கவில்லை. ஜிப்பை ஒற்றைக் கையால் இழுத்தார், ஓடிப்போய் மூடிக்கொண்டது. உன் தங்கச்சிக்கு நம்பிக்கை வராமல் மறுபடி திறந்து பார்த்தாள். ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லாமல் இருந்தது. "இங்க காலியா கெடக்கே, அந்த ஸ்வெட்டரையும் வெச்சிருக்கலாம்ல?" என்று சிடுசிடுத்தாள். "அதையும் வெச்சிருக்கேன். இந்த எடம், திரும்பி வரும்போது ஏதாச்சும் வாங்கிட்டு வருவல்ல, அதுக்கு" என்றார். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். டிக்கெட்டை அவள் மாற்றவும் இல்லை, உன்னிடம் வருகிறாள். ஆனால் நேற்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த எடத்தை அவர் எப்படிப்பா மிச்சம் புடிச்சாரு?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருந்த தையல்காரர் பேனாவை வைத்து, வாயிலிருந்த குண்டூசியையும் எடுத்துவிட்டு, "அந்தக் கண்ணை எங்கிட்ட வேலைக்கு அனுப்புங்க பெரியவரே, சட்டைக்கு ஒரு சாண் துணி மிச்சமாகும்" என்கிறார். மாப்பிள்ளை வருவாரோ மாட்டாரோ, கேட்டுப் பார்க்கிறேன். வந்தாலும் அதை அவளிடம் நீ சொல்லிவிடாதே. வேலை கிடைத்துவிட்டது என்பதற்காக அவள் திரும்பி வரவேண்டாம்.

நீ அவளுக்குப் புத்தி சொல்லாதே, தூங்கவிடு, நன்றாகச் சாப்பிட வை, பேத்தியை அவள் பக்கத்தில் படுக்கப் போடு. நீங்கள் எல்லாரும் குறையில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. பெட்டியில் அந்தக் காலி மூலையில் அவள் எதை வைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இரு, அவளுக்குத் தெரியாமல் பார். யாருக்கு வாங்கினாள், வைப்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தாள், எல்லாம் எனக்கு எழுது. ஒன்றும் வைக்காமல் விட்டாலும் எழுது.

இப்படிக்கு, கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைக்கும்,
உன் அப்பா