எழுமலைக்குப் போகும்போது அணைத்த சுவிட்ச்

ஏப்ரல் 7, திங்கள்

கரண்ட் ரீடிங் எடுக்கிற தம்பி வந்தான். மீட்டரைப் பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, ஒத்த ஆளுக்கு இம்புட்டு யூனிட்டா? உள்ள மில்லு எதும் ஓட்டுறியளா?" என்றான். பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் வாசலில் நின்று சிரித்தாள். இந்தப் பரவை ஊரில் ஒருத்தரிடமும் ஒரு சொல் வாங்கியவள் இல்லை நான். ஒரு காத்தாடி, ஒரு டிவி, ஒரு ஃபிரிட்ஜ். அப்புறம் யார் தின்கிறார்கள் இத்தனை கரண்டை?

ஏப்ரல் 9, புதன்

பேத்தி அஸ்வினி காலேஜில் கரண்ட் படிப்புதான் படிக்கிறாள். என் பேத்தி. போன் போட்டுக் கேட்டேன்.

"அப்பத்தா, ரிமோட்ல அமத்துனா டிவி தூங்கும், அம்புட்டுத்தான். சின்னதா செகப்பு லைட்டு எரியுதுல்ல? எரிஞ்சா கரண்டு ஓடுதுன்னு அர்த்தம். செவுத்துல இருக்க சுவிட்ச அமத்துங்க."

குண்டு பல்பை மாற்றணுமாம். மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கணுமாம். சரி. ஆனால் ஓடாத டிவி எப்படி கரண்ட் தின்னும்? அஞ்சாவது படித்த எனக்கு அது புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, செய்துவிட்டால் போதாதா?

ஏப்ரல் 13, ஞாயிறு

மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. வீட்டுக்குள் சூடு குறைந்த மாதிரியும் இருக்கிறது, குறையாத மாதிரியும் இருக்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

நாளை எழுமலையில் என் தம்பி பேரனுக்குக் காதுகுத்து. திங்கட்கிழமைதான் திரும்புவேன். வீடு முழுக்கச் சிவப்பு விளக்குத் தேடினேன். டிவி, கேபிள் பெட்டி, கொசுமருந்து. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஸ்டெபிலைசரிலும் சிவப்பாக ஒன்று எரிகிறது. உள்ளே பால் இல்லை, மாவும் தீர்ந்துவிட்டது. கிளம்பும்போது அதையும் அமர்த்திவிட வேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

ஃபிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் ஓடிக் கிடந்தது. துடைத்துவிட்டுத் திறந்தால், கதவுத் தட்டில் அந்த டப்பா.

ஒச்சம்மாளோட சர்க்கரை ஊசி மருந்து. பெரியாஸ்பத்திரியில் கொடுத்த ரெண்டு குப்பி. அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. இப்போது போடுகிற குப்பியைத் தண்ணீர்ப் பானையில் வைத்துக்கொள்வாள், மிச்சம் என்னிடம்தான் இருக்கும்.

அடி பாவி, இத எப்பிடி மறந்தே?

தொட்டுப் பார்த்தேன், வெதுவெது என்று இருந்தது. பார்வைக்கு எப்போதும் போலத்தான். சுவிட்சைப் போட்டுவிட்டேன். மறுபடி குளிர்ந்தால் சரியாகிவிடுமா? தெரியல. அஸ்வினியிடம் கேட்டால் சிரிப்பாள். கேட்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

ஒச்சம்மாள் ஒரு குப்பியை எடுத்துக்கொண்டாள். சொல்லத்தான் வாயெடுத்தேன். "காதுகுத்துல கறி எப்பிடி மதினி? தம்பி வீடுன்னு ரெண்டு எல கட்டிருப்பியே" என்றாள். கறியைப் பற்றியே பேசி அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

ஒச்சம்மாளுக்குச் சர்க்கரை நானூறு. கால் வைக்க முடியவில்லை, மயக்கமாக வருகிறதாம். மகன் ஜெயபாண்டி தெருவுக்கே கேட்கக் கத்துகிறான்: "மாம்பழத்த ஒளிச்சு ஒளிச்சுத் தின்னா ஏறாம என்ன செய்யும்?"

அவள் தின்றது நிஜம். நானே பார்த்தேன். அப்போ மாம்பழமா? நானா? மாம்பழமாகவே இருக்கட்டும் என்கிறது ஒரு மனசு. அந்த மனசும் என்னுடையதுதானா?

மே 1, வியாழன்

ஒச்சம்மாளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

"பத்து நாளா எம் மொகத்தப் பாத்துப் பேசிக்கிட்டுத்தான மதினி இருந்தே?" என்றாள். வைதிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மே 2, வெள்ளி

பெரியாஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். டாக்டர் பொண்ணு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. "கெட்டுச்சா இல்லையான்னு கண்ணால சொல்ல முடியாதும்மா. இதப் போடாதீங்க, புதுசு தர்றேன்." மாம்பழம் தின்னீர்களா என்றும் கேட்டது. ஒச்சம்மாள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

படித்த டாக்டருக்கே தெரியாதென்றால் எனக்கு இனி எப்போது தெரியும்?

மே 9, வெள்ளி

சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஜெயபாண்டி சொன்னான்.

புது மருந்தும் என் ஃபிரிட்ஜில்தான். வேறு எங்கே வைப்பாள்? காலையும் சாயந்தரமும் வருகிறாள். காப்பி கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். குப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள். இன்று கதவைத் திறந்தபடி ரொம்ப நேரம் நின்றாள். குளிர்ச்சி என் கால்வரைக்கும் வந்தது. மீட்டர் ஓடினால் ஓடட்டும், மூடச் சொல்லவில்லை நான்.