நான் சொன்னது இதுவல்ல

பிப்ரவரி 3, செவ்வாய்

கீழே சலவைக் கடையில் மூன்று எந்திரங்களும் ஒன்றாகச் சுழல ஆரம்பித்தன. மேலே எங்கள் இரண்டு மேசைகளும் கூடவே ஆடின. என் கூட்டாளி, நான் தாடி என்று கூப்பிடுபவன், டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் நிரல் எழுதிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து நகராட்சித் திட்ட அதிகாரி போன் செய்தார்.

பழைய பாலத்தில் கார்களைத் தடை செய்யலாமா என்று ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறார்கள். ஆறு வாரம். அதை எங்கள் 'நிதானம்' இணையதளத்தில் நடத்தச் சம்மதமாம்.

"அப்படி என்ன விசேஷம் உங்க தளத்துல?" என்று கேட்டார்.

"ஒருத்தருக்குப் பதில் எழுதணும்னா, முதல்ல அவர் சொன்னதை நம்ம வார்த்தையில திருப்பிச் சொல்லணும். அவர் படிச்சுப் பார்த்து 'ஆம், இதுதான்'னு அழுத்தினாத்தான் பதில் எழுதற பெட்டி திறக்கும்."

எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்க கவுன்சில் கூட்டத்துக்கும் இதை மாட்ட முடியுமாம்மா?" என்றார்.

பிப்ரவரி 9, திங்கள்

திறந்துவிட்டோம். மாலைக்குள் முந்நூற்றுப் பதினொரு பேர். தாடி திரையைத் தொட்டுக் கும்பிடாத குறை.

ஒரு டாக்ஸி ஓட்டுநரும் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணும் மோதிக்கொண்டார்கள். அவள் அவர் சொன்னதை முதலில், "உங்களுக்கு உங்க வண்டிதான் முக்கியம்" என்று திருப்பிச் சொன்னாள். இல்லை என்றார். இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவதாக எழுதினாள்: "சுற்றிப் போனால் ஒரு நாளைக்கு இரண்டு சவாரி குறையும், அதை யார் ஈடுகட்டுவார்கள் என்று கேட்கிறீர்கள்." ஆம் என்றார். அதன்பின் அவள் எழுதிய பதிலில் ஒரு வசவுகூட இல்லை. ஒத்துப்போகவும் இல்லை. இதற்காகத்தானே இரண்டு வருடம் உழைத்தோம்!

பிப்ரவரி 12, வியாழன்

அண்ணன் எழுதியிருக்கிறான். தடை கூடாதாம். நான்கு பத்தி. வக்கீல் எழுத்து, ஊசி நுழைய இடமில்லை. கடைகளின் வியாபாரம், சுற்றுவழியின் தூரம், புதுப் பாலத்தின் நிலைமை, சட்டம்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போன் பண்ணவில்லை. நாங்கள் போனில் பேசுகிற ஆட்கள் இல்லை. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பெருமை எல்லாம் போச்சு.

அண்ணனுக்குப் பதில் எழுத முப்பத்தெட்டு பேர் முயன்றிருக்கிறார்கள். முப்பத்தெட்டுக்கும் 'இல்லை'. பாலத்தடிப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் மட்டும் ஏழு தடவை. போனில் கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதுகிற மனிதர், எழுத்துப் பிழைகளிலேயே தெரிகிறது. ஏழாவது முயற்சி இப்படி இருந்தது: "ஐயா நீங்க சொல்றது கடை நஸ்டம் ஆகும் வழி தூரம். வேர எதாவது இருந்தா சொல்லுங்க ஐயா." அதற்கும் இல்லை!

யாருமே எதிர்த்துப் பேச முடியாத ஒரே பதிவாக அது நிற்கிறது. தாடி சொன்னான், "உங்கண்ணன் கதவை உள்பக்கம் தாழ் போட்டுட்டு உக்காந்துட்டார்க்கா. பூட்டு செஞ்சு கொடுத்தது நாம."

இதையே மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கெட்டதைக் கற்றுக்கொள்ள யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதல் வாரம் திறந்த பதில் பெட்டிகள் நூற்று நாற்பது. நேற்றும் இன்றும் சேர்த்து மூன்று.

இந்த ஓட்டை எனக்கு ஏன் தோன்றவே இல்லை? எல்லாரும் புரிந்துகொள்ளப்படத்தான் விரும்புவார்கள் என்று எந்த தைரியத்தில் நம்பினேன்?

பிப்ரவரி 20, வெள்ளி

திட்ட அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாருங்கம்மா, வக்கீல் எழுதினதுக்குக் கீழ ஒரு எதிர்ப்புகூட இல்ல. கவுன்சிலருங்க என்ன சொல்லுவாங்க? ஊரே ஒத்துக்கிச்சும்பாங்க. மார்ச் ரெண்டு வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் எங்க பழைய கருத்துப் பக்கத்துக்கே மாத்திடுவேன். அங்க சண்டை போட்டாலும் பதிலாவது போடுறாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை.

அவர் போனதும் தாடி இரண்டு வழி சொன்னான். விதியைத் தூக்கிவிடுவது. அல்லது அண்ணனைத் தூக்கிவிடுவது.

"ரெண்டும் முடியாது."

"அண்ணன்ங்கறதாலயா?"

சுருக்கென்றது. "அண்ணன்ங்கறதால இல்ல. அவன் விதியை மீறலையே. நம்ம விதி சொல்றதைத்தான் செய்றான். பிடிக்காத ஆளைத் தூக்கறதுன்னா அதுக்கு எத்தனையோ இடம் இருக்கு."

"விதியைத் தளர்த்தினா என்னக்கா? உலகத்துல எல்லா தளமும் அப்படித்தான் ஓடுது."

அவனுக்குத் தெரியாததா? அப்படி ஓடும் ஒரு தளத்தில்தான் ஒன்பது வருடம் இருந்தேன். எந்தப் பதிவு யாரைக் கொதிக்க வைக்குமோ அது அவர் கண்ணில் முதலில் பட வேண்டும், அதுதான் என் வேலை. நன்றாகவே செய்தேன். திரும்ப அங்கே போய் நிற்க முடியாது. பத்து நாள் இருக்கிறது. வழி கண்டுபிடிக்கிறேன்.

பிப்ரவரி 21, சனி

நானே முயன்றேன், என் பெயரிலேயே. அவன் நான்கு பத்தியையும் அச்செடுத்து, கோடு போட்டு, ஒன்றும் விடாமல் திருப்பிச் சொன்னேன்.

இல்லை.

மறுபடி. இல்லை. மறுபடி. இல்லை.

நாலாவது தடவை அவன் வார்த்தையையே எடுத்துப் போட்டேன், பார்ப்போம்னு. அவன் எழுதினதையே அவன்கிட்ட காட்டினா அதுவும் 'இல்லை'யாம்! என்ன திமிர். சதுரங்கம் ஆடுறப்பவும் இப்படித்தான், ராஜா போனப்புறமும் "இன்னும் முடியல"ம்பான். என்னைப் பழி வாங்குறானா? எதுக்கு? நான் என்ன செஞ்சேன் அவனுக்கு?

நாளைக்கு நேரில் போகிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தாள். இடது கையில் ஊன்றுகோல். வலது கை இன்னும் சரியாக மூடுவதில்லை, ஆனாலும் அந்தக் கையாலேயே என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். "வா வா, மேல்முறையீடா?" என்றாள்.

அண்ணன் மேசையில் இருந்தான். என் நான்கு முயற்சியும் திரையில் திறந்தே கிடந்தன.

"நான் எழுதினதுல எது தப்பு?" என்றேன்.

"தப்பு ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"குட்டி, நீ எழுதினது எல்லாம் நான் எழுதினதுதான். நான் சொல்ல வந்தது இல்ல."

நாற்பத்துமூன்று வயதிலும் நான் அவனுக்குக் குட்டிதான். அதைவிட, அந்தக் குரல் வக்கீல் குரலாக இல்லை. நான் உட்கார்ந்தேன்.

"அப்ப சொல்ல வந்ததை எழுத வேண்டியதுதானே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான். அப்புறம் மெல்லச் சொன்னான். போன வருடம் அண்ணிக்கு மூளையில் அடைப்பு வந்த அன்று ஆம்புலன்ஸ் பழைய பாலம் வழியாகத்தான் போனது. சுற்றிப் போயிருந்தால் பதினாறு நிமிடம் ஆகியிருக்கும் என்று ஓட்டுநர் பிறகு சொன்னாராம். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் பேச்சு போயிருக்கும் என்று டாக்டர். அந்தப் பாலத்தை மூடுவார்கள் என்று நோட்டீஸைப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை.

ஆம்புலன்ஸில் போனது தெரியும். பாலம் எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை.

"இதை எழுதுண்ணா."

"என் பொண்டாட்டியை ஊர் முன்னாடி நிறுத்தி நியாயம் கேக்கச் சொல்றியா? முடியாது."

சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "யாரு என்னை நிறுத்தறது? நான் நானா நடந்து வருவேன்."

வந்து நின்றாள். வழியில் ஒரு நாற்காலியைக் கோலால் ஒதுக்கினாள். "ஊர்ல இருக்கிறவங்க எல்லாரையும் 'இல்ல, இல்ல'ன்னு விரட்டிட்டு இருக்கீங்களாமே. அவங்க என்ன ஜோசியமா பார்ப்பாங்க? எழுதுங்க. பாலத்தைத் தாண்ட நாலு நிமிஷம்னு போடுங்க. அஞ்சுன்னு போட்டுடாதீங்க. அன்னைக்கு எண்ணிட்டுக் கிடந்தது நான்தான்."

அவன் எழுதுவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கெஞ்சவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அச்செடுத்த தாளின் பின்பக்கம் எழுதத் தொடங்கிவிட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

தாடியிடம் தாளைக் காட்டினேன். ஒருவர் 'இல்லை' என்று அழுத்தினால் உடனே ஒரு கேள்வி வரும்: என்ன விட்டுப்போயிற்று? அதற்கு அவர் ஒரு வரி எழுத வேண்டும். இரண்டு நாள் வரை எழுதாவிட்டால் பதில் பெட்டி தானாகத் திறந்துவிடும்.

"சொல்ல முடியாத விஷயம்னா?" என்றான் தாடி. நல்ல கேள்வி. எனக்கும் பஸ்ஸில் அதுதான் உறுத்தியது. யாருடைய காயத்தையும் நாம் தோண்டி எடுக்கக் கூடாது.

"'சொல்ல விருப்பமில்லை'ன்னு எழுதலாம். அப்பவும் கதவு திறக்கும். ஆனா ஏதோ இருக்குன்னு எதிர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். பார்த்துப் பேசுவாங்க."

"பேசுவாங்களா?"

"தெரியல."

தன் தாடியைச் சொறிந்தான். "அஞ்சு நாள் வேலைக்கா. மூணு நாள்ல செஞ்சா எங்கயாவது ஒழுகும்."

"ஒழுகட்டும். துடைச்சுக்கலாம்."

பிப்ரவரி 24, செவ்வாய்

வேலை.

பிப்ரவரி 26, வியாழன்

மதியம் வெளியிட்டோம். ஏற்கெனவே 'இல்லை' அழுத்தியவர்களுக்கும் கேள்வி போனது. ஒழுகியது. பெட்டி எண்பது எழுத்தோடு வார்த்தையை வெட்டிவிட்டது. ஒரு வரி என்றால் இத்தனை சின்ன வரியா என்று ஒரு மனிதர் ஒன்பது வரி திட்டியிருந்தார், வேறு பக்கத்தில். சரிசெய்தோம். நாலு மணிக்குள் பதினெட்டுப் பூட்டுகள் திறந்தன. "சொல்ல விருப்பமில்லை" இரண்டு. "சும்மாதான் இல்லைன்னு போட்டேன்" ஒன்று! தாடி விழுந்து விழுந்து சிரித்தான்.

அண்ணனிடமிருந்து ஒன்றுமில்லை.

பிப்ரவரி 28, சனி

இரண்டு நாள் கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தது. அவன் நடையே இல்லை. பத்தி இல்லை, சட்டம் இல்லை.

"விட்டுப்போனது: என் மனைவி இன்று பேசுவது அந்தப் பாலத்தை நான்கு நிமிடத்தில் கடக்க முடிந்ததால். மற்ற காரணங்களை அதற்குப் பிறகுதான் தேடினேன்."

அதற்குப் பிறகுதான் தேடினேன். ஒரு வக்கீல் இதைப் பொதுவில் எழுதுவது என்றால்... எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றேன்.

மாலை வாட்ச்மேன் எட்டாவது தடவையாக எழுதினார். "ஐயா உங்க வீட்டம்மாவுக்கு கெடச்ச அந்த நாலு நிமிசம் இனிமே கஸ்டப்படுற வீட்டுக்கும் கெடைக்கணும். அதான் சொல்ரீங்க."

அண்ணன்: ஆம், இதுதான்.

மார்ச் 1, ஞாயிறு

வாட்ச்மேனின் பதில். பிழைகளைத் திருத்தி இங்கே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது:

"அம்மா நல்லா இருக்கணும் ஐயா. காலையில எட்டு மணிக்கு நான் அந்தப் பாலத்து முனையில நிக்கிறேன். நூத்தி இருபது புள்ளைங்க நடந்து வருது. ரெண்டு பக்கமும் காரு. போன மாசம் ஒரு ஆம்புலன்ஸ் பதினோரு நிமிசம் நின்னுச்சு. நான்தான் கார்க்காரங்க கால்ல விழாத குறையா வழி விடச் சொன்னேன். உங்க நேரம், அன்னைக்குப் பாலம் காலியா இருந்துச்சு. காரு வராட்டி தினமும் காலியா இருக்கும்."

அண்ணன் பதில் எழுதவில்லை.

மார்ச் 2, திங்கள்

அதிகாரி போன் செய்தார். கெடு இன்றுதான் என்று ஞாபகப்படுத்த நினைத்தேன், வாயை மூடிக்கொண்டேன். "படிச்சேன்" என்றார். பிறகு, "ஆறு வாரமும் நடக்கட்டும்."

மார்ச் 4, புதன்

அண்ணன் வாட்ச்மேனுக்கு: "பதினோரு நிமிடம் நின்றது எனக்குத் தெரியாது. யோசிக்க வேண்டும்."

அவன் வாயிலிருந்து 'யோசிக்க வேண்டும்'. தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

முடிந்தது. இரண்டாயிரத்து நூறு பேர். தாடி மேசையிலேயே தலை வைத்துத் தூங்குகிறான். எந்திரங்கள் ஆட்டுகின்றன, எழவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

கவுன்சில் முடிவு. பாலத்தில் கார் கூடாது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எந்நேரமும் போகலாம், முனையில் வாட்ச்மேன் கேட்டபடி மடக்கக்கூடிய தடுப்புக் கம்பி.

அண்ணன் கடைசி வரை தடை வேண்டாம் என்றுதான் நின்றான். சுற்றுவழியில் இனி தினமும் இருபது நிமிடம் வீணாகும் என்று அண்ணியிடம் சத்தம் போடுகிறானாம். "நல்லா போடட்டும். காது கேக்குதே எனக்கு" என்றாள் அண்ணி.

நகராட்சி அடுத்த இரண்டு கேள்விகளையும் எங்களிடமே தந்திருக்கிறது.

மே 14, வியாழன்

தளத்தைக் கட்டிய எனக்கு அதில் ஒரு பதிவுகூட இல்லை என்று தாடி கிண்டல் செய்தான். எழுதினேன். பழைய வேலையைப் பற்றி. ஒன்பது வருடம் என்ன செய்தேன், அது என்ன செய்தது, அது பிறகுதான் எனக்குப் புரிந்தது என்று. யாரும் மன்னிக்க வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும் என்று முடித்தேன்.

மே 16, சனி

திருப்பிச் சொன்ன முதல் ஆள் அண்ணன்.

"செய்வது தவறு என்று உனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் ஒன்பது வருடம் இருந்தாய். அதை யாராவது ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்கிறாய்."

'பிறகுதான் புரிந்தது' என்றல்லவா எழுதியிருந்தேன்? 'இல்லை'யை அழுத்தினேன். என் பெட்டி என்னையே கேட்டது: என்ன விட்டுப்போயிற்று? அவன் எழுதியதை மறுபடி படித்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை. திரும்பிப் போய் 'ஆம்' என்று அழுத்தினேன்.

அவனுக்குப் பெட்டி திறந்ததும் பாய்ந்து வந்தான். "நீ சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணங்கள் மூன்று." மூன்றும் நீளமானவை. ஒரு தனி ஆள் தலையில் ஒரு நிறுவனத்தின் பழியைத் தூக்கி வைத்துக்கொள்வது அகந்தை என்பது இரண்டாவது. படித்துவிட்டுச் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன் போல.

அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இனி நான் அவனைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னேன். இல்லை என்றுவிட்டான்.

விட்டுப்போனது: "நாளைக்கு வீட்டுக்கு வா, சொல்றேன்."